திங்கட்கிழமை மூடியிருந்த மெக்சிகோ: பயணக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நம் கலை ரசிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பயணக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

கடந்த பிப்ரவரியில் சங்கம் நடத்திய பத்து நாள் மெக்சிகோ பயணத்தில் சென்ற 23 பேரில் நானும் ஒருத்தி. ஊர் திரும்பியதும் உங்களுக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பயண நிரல் மாறுதலுக்கு உட்பட்டது என்றும், ஓரிருவரின் மனக்குறையைப் பொதுக்குறையாக எடுத்துக்கொள்ள இயலாது என்றும் நான்கு வரியில் பதில் வந்தது. அதோடு விட்டிருப்பேன். ஆனால் சென்ற வாரம், அடுத்த ஆண்டுக்கான இரண்டாவது மெக்சிகோ பயணத்துக்கு ஆள் சேர்க்கும் உங்கள் அறிவிப்பு வந்தது. அதே நிரல், அதே வாசகங்கள். போதாக்குறைக்கு, எங்களில் ஒருவர்கூடக் காணாத மோன்தே அல்பான் என்ற தொல்நகரத்தின் புகைப்படம் அதன் முகப்பில். இனி இதை உங்கள் கோப்புக்குள் மட்டும் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால், எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் 31 ஆண்டுகள் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பயணத்துக்குக் கட்டிய 4,60,000 ரூபாய், ஓய்வூதியத்திலிருந்து நான்கு ஆண்டுகளாக ஒதுக்கிவைத்த தொகை. கடற்கரைக்காக ஒதுக்கவில்லை, கடற்கரைக்கு என் தெருமுனையிலேயே ஷேர் ஆட்டோ கிடைக்கும். கலை, கட்டடக்கலை, தொல்லியல் என்று கொட்டை எழுத்தில் நீங்கள் அச்சடித்த மூன்று சொற்களை நம்பித்தான் கட்டினேன்.

முதலில் கொடுத்த நிரலில் மெக்சிகோ நகரத்துக்கு நான்கு நாள், வஹாக்காவுக்கு மூன்று நாள், மெரிதாவுக்கு இரண்டு நாள், கடற்கரை ஊரான கான்கூனுக்கு ஒரு நாள் என்று இருந்தது. புறப்பட 12 நாள் இருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: விமான நேரங்கள் ஒத்துவராததால் வஹாக்கா நீக்கப்படுகிறது, அதற்கு ஈடாகக் கான்கூனில் கடலைப் பார்த்த அறைகளோடு கூடுதல் இரவுகள் தரப்படுகின்றன. மெக்சிகோ நகரத்தின் நாட்களும் அந்தச் செய்தியிலேயே சத்தமில்லாமல் குறைந்துவிட்டன. ஒப்புதல் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன், அதை மறைக்கவில்லை. விசா கையில், பணம் உங்களிடம், மறுத்தால் முன்பணம் திரும்பாது என்ற நிலையில் வாங்கப்பட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல முடியுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வஹாக்காவை நீக்கியது ஓர் ஊரை நீக்கியது மட்டுமல்ல. அந்த மண்ணின் பூர்வகுடிகளான சபோதேக் மக்கள் கிறிஸ்துவுக்கு முன் 500-ஐ ஒட்டி ஒரு மலையின் தலையைச் சமன்செய்து, பள்ளத்தாக்குக்கு 400 மீட்டர் உயரத்தில் கட்டிய நகரம் மோன்தே அல்பான். அதன் ஏழாம் எண் கல்லறையை 1932-இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ திறந்தபோது கிடைத்த பொன்னும் செதுக்கிய எலும்புகளும், வஹாக்கா நகரத்தில் சாந்தோ தொமிங்கோ மடத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே பகுதியிலுள்ள மித்லா என்ற தொல்தலத்தின் சுவர்களில், சாந்தில்லாமல் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய சிறு கற்களாலான வடிவ வரிசைகள் உண்டு. அந்த ஒன்றைப் பார்ப்பதற்காகவே ஒரு வருடம் படித்துத் தயாரானேன். வரைபடக் கோடு போடும் பழைய டி-ஸ்கொயரைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

மோன்தே அல்பானில் வளைந்து நெளிந்த மனித உருவங்கள் செதுக்கிய கற்கள் 300-க்கும் மேல் உண்டு. முதலில் பார்த்தவர்கள் அவற்றை நடனமாடுபவர்கள் என்றார்கள். இன்றும் பெயர் அதுதான். நின்று பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: மூடிய கண்கள், தொங்கும் கைகால்கள், சிதைக்கப்பட்ட உறுப்புகள். அவர்கள் ஆடவில்லை, கொல்லப்பட்ட சிறைக்கைதிகள் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. போகிற போக்கில் பார்த்தால் பிணம் நடனமாகத் தெரியும். இந்தப் பயணம் முழுவதும் நம்மை அப்படித்தான் பார்க்க வைத்தீர்கள். என் குறையின் மையம் அதுதான்.

சனிக்கிழமை இரவு மெக்சிகோ நகரத்தில் இறங்கினோம். ஞாயிறு, தியோதிவாக்கான் என்ற தொல்நகரம். மெக்சிகோ குடிமக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தொல்லியல் தலங்களில் நுழைவு இலவசம். அவர்கள் குடும்பம் குடும்பமாக வருவது அவர்கள் உரிமை, பார்க்கவும் அழகு. ஆனால் அயலூரிலிருந்து ஒரே ஒரு நாளைக் கொண்டு வருகிறவர்களை அந்த நாளில் அழைத்துச் செல்லக்கூடாது என்பதைத் திட்டம் போட்டவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதுவும் நேராகப் போகவில்லை. எரிமலைக் கண்ணாடிக்கல் விற்கும் கடையில் டெகிலா சுவைத்தலும் சேர்த்து 110 நிமிடம். தியோதிவாக்கானில் 75 நிமிடம். குறிப்பேட்டில் நேரம் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு.

கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரமுள்ள சூரியப் பிரமிடின் முன் குழுப்படம் எடுத்ததோடு அந்த 75 நிமிடத்தின் பெரும்பகுதி முடிந்தது. இறகுப் பாம்புக் கோயில் வரை நடக்க நேரமில்லை. தெபந்தித்லாவின் சுவரோவியங்கள் வேலிக்கு வெளியே சற்றுத் தள்ளி இருக்கின்றன. அவற்றின் பெயரைக்கூட யாரும் உச்சரிக்கவில்லை. இந்த நகரத்தைக் கட்டியவர்கள் எந்த மொழி பேசினார்கள், தங்கள் ஊரை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பது உறுதியாகத் தெரியாது; தியோதிவாக்கான் என்பது ஊர் வீழ்ந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஆஸ்தெக்குகள் வைத்த பெயர். 1910-இல் வந்த சுதந்திர நூற்றாண்டு விழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அகழாய்வாளர் லெயோபோல்தோ பாத்ரெஸ் இதே சூரியப் பிரமிடின் முகப்பைப் பல அடி கனத்துக்கு உரித்தெடுத்து, மூலத்தில் இல்லாத ஒரு படிநிலையையும் சேர்த்துவிட்டார். நாம் படம் எடுத்துக்கொண்ட உருவத்தில் அந்த அவசரமும் இருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கடையில் செலவழித்த 110-இல் இரண்டு.

அடுத்த நாள் திங்கட்கிழமை. மானுடவியல் தேசிய அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆஸ்தெக்குகளின் பெருங்கோயிலான தெம்ப்ளோ மயோரின் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ரிவேராவும் ஒரோஸ்கோவும் தீட்டிய சுவர்களைக் காட்டும் பெல்லாஸ் ஆர்த்தெஸ் அருங்காட்சியகமும், கொயோவாக்கான் பகுதியில் ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீடும் அப்படியே. இது இரகசியமன்று; பேருந்து ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. 23 பேரை ஏற்றிக்கொண்டு சபுல்தெபெக் பூங்காவின் ஓரம் வந்து, பூட்டிய கதவைக் கண்ட பிறகே நம் பயண மேலாளருக்குத் தெரிந்தது. பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் வடிவமைத்து 1964-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முற்றத்தில், ஒற்றைத் தூண் தாங்கும் கான்கிரீட் குடை ஒன்று இருக்கிறது. தூணைச் சுற்றித் தண்ணீர் திரையாக விழும். மாணவர்களுக்கு அதன் வெட்டுத்தோற்றத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அதிலிருந்து சில நூறு அடி தூரத்தில் நின்று, பார்க்காமல் திரும்பினேன். செவ்வாய் விடியலில் மெரிதாவுக்கு விமானம்.

அன்று அந்தக் கதவுக்கு வெளியேயும் பார்க்க ஒன்று இருந்தது. சாலையோரம் நிற்கும், சுமார் 7 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் உருவத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏதோ ஆஸ்தெக் சிலை என்று சொல்லப்பட்டது. அது கோவாத்லிஞ்சான் என்ற ஊரின் கல். மழைத் தெய்வம் த்லாலோக் என்று பெயர் பெற்றது. நீர்த் தெய்வமான பெண் என்போரும் உண்டு. 1964 ஏப்ரலில் அருங்காட்சியகத்துக்காக அதைப் பெயர்த்து வந்தபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள். இராணுவத்தை அனுப்பித்தான் எடுத்து வந்தார்கள். மழைக்காலம் அல்லாத அந்த நாளில் நகரத்தில் பெருமழை கொட்டியது என்பதை மெக்சிகோ நகரத்தார் இன்றும் சொல்வார்கள். ஓர் ஊரிடமிருந்து பறித்து வந்த தெய்வத்தின் காலடியில் நின்று சிரித்துப் படமெடுத்துக்கொள்ளும்போது, குறைந்தது அந்தச் செய்தியாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மாற்று ஏற்பாடாக எல்லோரையும் சோசிமில்கோ படகுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். சோசிமில்கோவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஏரியில் மண்ணையும் செடிகொடியையும் அடுக்கி உண்டாக்கிய வயல்களின் எச்சம் அது, ஆஸ்தெக் தலைநகரமான தெனோச்தித்லானுக்குச் சோறு போட்ட வேளாண்மை. அது உலகப் பாரம்பரியச் சின்னமாக இருப்பது அதனால்தான். படகில் அதைச் சொல்ல ஆளில்லை. பழைய சினிமாப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடியதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

நான் போகவில்லை. இரண்டு உறுப்பினர்களோடு மெட்ரோவில் ஏறினேன். கட்டணம் ஐந்து பேசோ. பீனோ சுவாரெஸ் நிலையத்தில் வண்டி மாறும் வழியில், நடுவே திறந்த ஒரு பள்ளத்துக்குள், காற்றுத் தெய்வம் எஹேகாத்லின் சிறு கோயில் மேடை இருக்கிறது. 1960-களின் இறுதியில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது வெளிப்பட்டது. எடுத்துப் போகாமல், நிலையத்தை அதைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். கீழே சதுரம், மேலே வட்டம். வட்டம் ஏன் என்றால், காற்றுக்கு மூலை இடிக்கக்கூடாது என்று விளக்கம் சொல்வார்கள். அலுவலகம் போகிறவர்கள் அதன் பக்கத்தில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து நிலையம், நகரத்தின் மையச் சதுக்கமான சொகாலோ. அங்கே 1573-இல் தொடங்கி 1813-இல் முடிந்த பேராலயம் திங்கட்கிழமையும் திறந்திருந்தது. ஏரிப்படுகையின் களிமண்மேல் நிற்கும் அந்தக் கட்டடம் ஒரே சீராக இறங்காமல் ஒருபக்கம் அதிகமாக இறங்கியிருக்கிறது. தரை சாய்வதைக் கால் உணர்ந்துவிடும். குவிமாடத்திலிருந்து தொங்கும் தூக்குக் குண்டு, கட்டடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைத் தரையில் காட்டுகிறது. நம் கொத்தனார்கள் கையில் வைத்திருக்கும் அதே குண்டுதான், பெரிய அளவில். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் தெம்ப்ளோ மயோர். 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் கம்பி பதிக்கத் தோண்டியபோது, துண்டாடப்பட்ட நிலவுத் தேவி கொயோல்ஷாவ்கியின் வட்டக் கல் வெளிப்பட்டது. அதன் பிறகு எதுவார்தோ மாதோஸ் மொக்தெசுமாவின் தலைமையில் நடந்த அகழாய்வில், ஒன்றை மற்றொன்று மூடி ஏழு கட்டங்களாக எழுந்த பெருங்கோயில் புலப்பட்டது. வட்டக் கல் உள்ளே, மூடிய அருங்காட்சியகத்தில். இடிபாட்டைச் சாலையிலிருந்தே எட்டிப் பார்த்தோம். படிக்கட்டுக்குள் படிக்கட்டாக அடுக்கு தெரிகிறது. ஆக, திங்கட்கிழமையைக்கூட வீணாக்காமல் கழிக்க முடியும். ஹுவான் ஓ'கோர்மன், நாட்டின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய வண்ணக் கற்களைப் பதித்து நான்கு புறமும் சித்திரமாக்கிய பல்கலைக்கழக மைய நூலகம் வெட்டவெளியில் நிற்கிறது. அதை வெளியே நின்று பார்க்கக் கதவு திறக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டது, முன்கூட்டிப் படித்துவிட்டு வரும் ஒரு மனிதர்.

அடுத்து எழுதப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கும் என்று தெரியும். கலை வழிகாட்டி என்ற பெயரில் இங்கிருந்தே ஒரு சொற்பொழிவாளரை அழைத்து வந்தீர்கள். அவருடைய தமிழ் நல்ல தமிழ். குரல் இன்னும் நன்று. தலங்களில் உள்ளூர் வழிகாட்டி பேசவேண்டிய நேரத்தையெல்லாம் அவரிடம் கொடுத்தீர்கள். மாயா மக்கள் கட்டிய தொல்நகரமான உஷ்மாலில் அவர் 40 நிமிடம் பேசினார். மாயா என்பது நம் இலக்கியம் சொல்லும் தெய்வத்தச்சன் மயன்தான் என்றார். மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் நீள்மூக்கு முகங்களைக் காட்டி, இது தும்பிக்கை, இவர் பிள்ளையார் என்றார். கடல் கடந்து நம்மவர்கள் வந்து கட்டிய ஊர் இது என்று முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி அரசுச் சான்று பெற்றவர். பக்கத்துக் கிராமத்துக்காரர், வீட்டில் மாயா மொழி பேசுகிறவர். யுகாத்தான் தீபகற்பத்தில் அந்த மொழியை இன்றும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். நாற்பது நிமிடமும் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கைதட்டல் முடிந்ததும் என்னிடம் வந்து ஆங்கிலத்தில், அவர் எங்கள் ஊரைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டார். உங்கள் முன்னோர் இதைக் கட்டவில்லை, எங்கள் முன்னோர் கட்டினார்கள் என்று சொன்னார் என நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் கட்டடங்களைப் புகழ்ந்தார் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வைத்த நிலைக்கு நீங்கள் பொறுப்பு.

பிறகு, மற்றவர்கள் படமெடுக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் அவர் எங்கள் மூவருக்குத் தரையில் ஒரு துளையைக் காட்டினார். உஷ்மாலில் ஆறு இல்லை. வடக்கே இருப்பதுபோல இயற்கையான நீர்க்குழியான செனோட்டேயும் இங்கே கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, உள்ளே காரை பூசி, முற்றங்களில் விழும் மழையை வழியவிட்டுச் சேமித்த சுல்தூன் என்ற நிலத்தடித் தொட்டிகளை நம்பியே இத்தனை பேர் வாழ்ந்தார்கள். மழை பொய்த்தால் ஊர் இல்லை. அதனால்தான் மூலைக்கு மூலை மழைத் தெய்வம் சாக்கின் முகம் என்று பலரும் கருதுகிறார்கள் என்றார். ஏரி வெட்டிப் பிழைத்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு, தும்பிக்கையைவிட இது எவ்வளவு நெருக்கமான செய்தி! அதை 20 பேர் கேட்கவில்லை.

கட்டடம் தெரிந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மாயா கட்டடங்களின் கூரை, கல்லை வரிவரியாக உள்நோக்கி நீட்டி உச்சியில் சேர்ப்பது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உள்வெளியும் அவ்வாறே வரிகள் உள்வாங்கிக் குறுகுவதுதான். இது உறவுக்குச் சான்றாகாது. கல்லின் எடை கீழ்நோக்கித்தான் இருக்கும் என்பதற்குச் சான்று. உண்மையான வளைவைப் பயன்படுத்தாமல் கல்லால் உள்வெளியை மூட நினைத்தவர்கள் எங்கிருந்தாலும் இந்த வழிக்குத்தான் வந்திருக்கிறார்கள். மேலும், அவர்கள் யார் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1952-இல் சோவியத் ஆய்வாளர் யூரி க்நோரோசோவ் மாயா எழுத்து ஒலிகளைக் குறிக்கிறது என்று காட்டிய பிறகு, அரசர்களின் பெயரும் பிறந்த நாளும் பட்டமேறிய நாளும் படிக்கப்பட்டுவிட்டன. பலெங்கே என்ற மாயா நகரத்தின் அரசர் பக்கால் 615 முதல் 683 வரை ஆண்டார் என்பது கல்வெட்டிலிருந்து தெரிந்த செய்தி. உஷ்மாலுக்கு அதிகத் தொலைவில்லாத மானி என்ற ஊரில் 1562-இல் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைத் தீயில் போட்டார். இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கு சுவடிகளே. ஏட்டை இழந்தவர்களிடம் போய்க் கட்டடமும் உங்களுடையது இல்லை என்று சொல்வதற்குத் தமிழைப் பயன்படுத்தக்கூடாது. நம் சொந்தக் கல்வெட்டுகளை யாராவது இப்படி வேறொருவர் கணக்கில் எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

மற்றொரு மாயா நகரமான சிச்சென் இட்ஸாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே நாங்கள் இருந்ததே 50 நிமிடம். மெரிதாவிலிருந்து கான்கூன் போகும் வழியில்தான் அது இருக்கிறது. வியாழனன்று அதைக் கடந்து போய்க் கான்கூனில் அறை எடுத்துவிட்டு, வெள்ளியன்று 200 கிலோமீட்டர் திரும்பி வந்தோம். கான்கூனிலிருந்து யுகாத்தான் மாநிலத்துக்குள் நுழையும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். அப்படி இலவசமாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தை வெள்ளிச் சாமான் கடையில் 65 நிமிடமாகச் செலவழித்தோம். பிறகு செனோட்டேயில் குளியல், அதன்பின் சாப்பாடு. தலத்துக்குள் நுழைந்தபோது மணி 2.40. 168 மீட்டர் நீளமுள்ள பந்தாட்டக் களத்தைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். உள்ளே சுருண்டு ஏறும் படிக்கட்டால் ஸ்பானியர்கள் நத்தை என்று பெயரிட்ட வானியல் கோபுரத்துக்குப் போகவே இல்லை. பிரமிடின் நான்கு பக்கமும் 91 படிகள், மேலே ஒன்று, ஆக 365 என்ற கணக்கைச் சொல்லி, அதன் முன் நின்று கைதட்டச் சொன்னார்கள். எதிரொலி பறவை கூவுவதுபோல் திரும்பி வரும். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோதே பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

என் குறிப்பேட்டின் கணக்கு இது: தியோதிவாக்கான் 75 நிமிடம், உஷ்மால் 90, சிச்சென் இட்ஸா 50, பத்து நாளில் தொல்லியலுக்கு மொத்தம் 215 நிமிடம். கண்ணாடிக்கல் கடை 110, மெரிதாவில் தூளிக்கடை 40, வெள்ளிக்கடை 65, கான்கூன் வணிக வளாகம் 120. கடைகளுக்கு 335 நிமிடம். இந்தக் கடைகள் குழுவை அழைத்து வருவோருக்குக் கமிஷன் தருவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். நம் பயணத்தில் அது யாருக்குப் போனது, டிக்கெட் விலையில் கழிக்கப்பட்டதா என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கேள்வியாகக் கேட்கிறேன்.

உறுப்பினர்களில் பலர் 60-ஐக் கடந்தவர்கள், நெடுநேரம் நடக்க இயலாது என்று உங்கள் பதிலில் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் முழங்கால் வலி உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும்; நிழலில் உட்காரவைத்து ஒரே ஒரு சுவரைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னால் யாருக்கும் கால் வலிக்காது. வணிக வளாகத்தில் நாங்கள் நடந்த தூரம் உஷ்மாலின் முற்றங்களைவிடக் குறைவு என்று நான் நம்பவில்லை. மற்றவர்கள் மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள் என்பதும் உண்மைதான். மெரிதாவில் ஓர் உறுப்பினருக்குக் காய்ச்சல் கண்டபோது உங்கள் மேலாளர் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டதையும், சைவர்களுக்கு அன்றாடம் சோறும் பருப்பும் கிடைக்கச் செய்ததையும் நான் மறக்கவில்லை. ஆனால் மகிழ்ச்சிப் பயணம் என்று விற்றிருந்தால் இந்த மடல் பிறந்திருக்காது.

ஆகவே கேட்கிறேன். இரண்டாவது பயணத்துக்கு முன்பணம் வாங்குவதை உடனே நிறுத்துங்கள். காணாத இடத்தின் படத்தை அறிவிப்பிலிருந்து எடுங்கள். புதிய நிரலில் ஒவ்வொரு தலத்திலும் அருங்காட்சியகத்திலும் உள்ளே இருக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிக் கொடுங்கள். மெக்சிகோ நகரத்தின் அருங்காட்சியகங்களைச் செவ்வாய்க்கும் சனிக்கும் இடையே வையுங்கள். வஹாக்கா இல்லாமல் கலை, கட்டடக்கலை, தொல்லியல் என்ற தலைப்பைப் பயன்படுத்தாதீர்கள். கடைகளுக்குப் போவதானால் அது விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், தலம் பார்த்து முடிந்த பிறகு மட்டும் இருக்கட்டும்.

தலங்களில் முதலில் பேசுகிறவர் அந்த மண்ணின் சான்று பெற்ற வழிகாட்டியாக இருக்க வேண்டும்; நம்மிடமிருந்து போகிறவர் அவர் சொல்வதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்பவராக இருக்க வேண்டும். நம் சொற்பொழிவாளர் தம் கருத்தைப் பேச விரும்பினால் இரவு விடுதியில் பேசட்டும். உள்ளூர்க்காரர் கேள்வி கேட்க முடிகிற மொழியிலும் அதைச் சொல்லட்டும்.

முதல் பயணத்தின் 23 பேருக்கு, வஹாக்காவை நீக்கியதால் மிச்சமான விமானக் கட்டணம், விடுதிக் கட்டணம், கான்கூனில் கூடுதலாகச் செலவானது ஆகியவற்றின் கணக்கை ரசீதுகளோடு காட்டி, மீதி இருந்தால் திருப்பித் தாருங்கள். கடைகளிலிருந்து யாருக்கேனும் கமிஷன் வந்திருந்தால் அதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். இவற்றைப் பேச, இம்மாத இறுதிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டத்தைக் கூட்டுங்கள். என் குறிப்பேட்டோடு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. உஷ்மாலில் எங்களோடு நின்ற அந்த வழிகாட்டியின் முகவரி உங்கள் உள்ளூர் முகவரிடம் இருக்கும். அன்று அவருக்குப் பேச இடம் தராததற்குச் சங்கத்தின் பெயரில் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்பானிய மொழியில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் ஏற்பாடு செய்கிறேன். அவரிடம் நான் சொன்ன பொய்யையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முதல் மெக்சிகோ பயணத்தில் சென்ற உறுப்பினர்களில் ஒருத்தி